நீளமான டச்சுச் சொல் வாயில் சிக்கினால்: எங்கே வெட்டுவது, எங்கே அழுத்துவது

நெதர்லாந்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில், ஓர் அலுவலகக் கவுண்டரில் ஒரு காப்பீட்டைப் பற்றி விசாரிக்க வேண்டியிருந்தது. உடல் முடியாமல் வேலைக்குப் போக இயலாதவர்களுக்குப் பணம் தரும் காப்பீடு. டச்சில் அதற்கு ஒரே சொல்தான். 33 எழுத்து, 10 அசை: அர்பைட்ஸ்ஒன்ஹஸ்ஹிக்ட்ஹைட்ஸ்ஃபர்ஸேகரிங். முந்தின இரவே கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்திருந்தேன். ஓர் எழுத்தையும் விழுங்காமல் சொல்லி முடித்தேன். எதிரே இருந்தவர் ஒரு தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். எழுதிக் காட்டியதும் “ஆ!” என்று சிரித்துவிட்டு அதே சொல்லைத் திருப்பிச் சொன்னார். அவர் சொன்னதும் நான் சொன்னதும் எனக்கு ஒன்றாகவே கேட்டன.

ஒன்றில்லை என்று புரியவே வெகுநாள் ஆனது. எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருந்தது, அழுத்தம்தான் இல்லை. தமிழில் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் பொருள் மாறுவதில்லை. அதனால் நம் காது அதைத் தேடப் பழகவே இல்லை. டச்சுக்காரர் காதோ முதலில் அதைத்தான் தேடுகிறது. அழுத்தத்தை வைத்துத்தான் சொல்லை அடையாளம் காண்கிறார்கள், எழுத்துகள் அப்புறம்தான்.

கீழே உள்ளவை என் வாயில் சிக்கியதும், பிறகு நான் டச்சு சொல்லிக்கொடுத்தவர்களின் வாயில் சிக்கியதும். உங்கள் கோளாறு எதுவோ அந்த இடத்துக்கு நேரே போகலாம். ஒலியைத் தமிழில் கிட்டத்தட்டத்தான் எழுத முடியும். தொண்டையில் காறும் அந்த ஒலிக்கு ஹ போட்டிருக்கிறேன். அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் ' என்ற குறி இருக்கும். அசை என்று நான் சொல்வது ஓர் உயிர் ஒலியும் அதோடு ஒட்டிய மெய்களும். யாப்பில் படித்த நேரசை, நிரையசையை இங்கே கொண்டுவந்தால் கணக்கு தப்பிவிடும்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது

சொல்லை வலப்பக்கத்திலிருந்து பாருங்கள். கடைசித் துண்டுதான் சொல் எதைப் பற்றியது என்று சொல்லும். இது நமக்குப் புதிதல்ல. மழைக்காலம் என்பது ஒரு வகைக் காலம், மழை அல்ல. ஸீகன்ஹௌஸ் (மருத்துவமனை) என்பதும் அப்படியே ஒரு வகை ஹௌஸ், அதாவது வீடு. முன்னால் இருப்பவர்கள் நோயாளிகள். சொல்லுக்கு முன்னால் “ட” வருமா “ஹெட்” வருமா (ஆங்கில the-க்கு டச்சில் இந்த இரண்டு வடிவம்) என்பதையும் கடைசித் துண்டே முடிவு செய்கிறது. ஹௌஸ் “ஹெட்” என்றால் ஸீகன்ஹௌஸும் “ஹெட்”.

ஆனால் அழுத்தம் எதிர்முனையில் இருக்கிறது. பொதுவாக முதல் துண்டுக்கே அது போகும்: 'ஸீ-கன்-ஹௌஸ். ஆக, பொருளை வலப்பக்கம் தேடுங்கள், அழுத்தத்தை இடப்பக்கம் வையுங்கள். பெரும்பாலான சொற்கள் இதிலேயே சரியாகிவிடும். அடங்காதவைதான் கீழே வருகின்றன.

“நிதானமாக, தெளிவாகச் சொல்கிறேன், இன்னும் புரியவில்லை என்கிறார்கள்”

நிதானம்தான் பிரச்சினை. புரியவில்லை என்றதும் நாம் ஒவ்வொரு அசையையும் தனித்தனியாக, சம எடையில் அடுக்குகிறோம். கேட்பவருக்குப் பத்து அசை கேட்கிறது, சொல் கேட்பதில்லை. மெதுவாக்குவதை விட்டுவிட்டு ஓர் அசையை மட்டும் உரக்க, சற்றே உயர்ந்த குரலில் சொல்லுங்கள். மற்றவை மங்கிப் போகட்டும். என் காப்பீட்டுச் சொல்லை மூன்று துண்டாக வெட்ட வேண்டும்: அர்பைட்ஸ் (உழைப்பு), ஒன்ஹஸ்ஹிக்ட்ஹைட்ஸ் (தகுதியின்மை), ஃபர்ஸேகரிங் (காப்பீடு). முழு அழுத்தம் முதல் “அர்” மேல். மற்ற இரண்டு துண்டுகளிலும் ஒவ்வோர் இடம் லேசாக எழும்பும், அவ்வளவுதான். மேசையில் விரலால் ஒரு பலத்த தட்டு, இரண்டு மெல்லிய தட்டு. தட்டாமல் பயிற்சி செய்யாதீர்கள். இதுவரை பார்த்ததில் விரல் சரியாகத் தட்டினால் நாக்கும் பின்னாலேயே வந்துவிடுகிறது.

சரி, “முதல் துண்டு” என்பதைச் சிலர் “முதல் அசை” என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது வேறு. முதல் துண்டு தனியாக நிற்கும்போது அழுத்தம் எங்கே இருந்ததோ, கூட்டுச்சொல்லிலும் அங்கேயே இருக்கும். வரித்துறை ப-'லஸ்-டிங்-டீன்ஸ்ட். நிலையச் சதுக்கம் ஸ்டா-'ஷொன்ஸ்-ப்ளைன். காப்பீட்டு நிறுவனம் ஃபர்-'ஸே-க-ரிங்ஸ்-மாட்-ஸ்ஹ-பை. ப, ஹ, ஃபர் போன்ற முன்னொட்டுகள் அழுத்தத்தை ஏற்காது. அவற்றைத் தாண்டித்தான் தட்ட வேண்டும். அலுவலகம் என்பதற்கான கன்-'டோர் என்ற சொல்லிலும் இரண்டாம் அசையே எழும்பும். 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட டச்சுக்காரர்களிடமிருந்து இலங்கைத் தமிழுக்கு வந்த கந்தோர் இதுதான். அழுத்தம் விழுந்த இடம் தமிழிலும் நெடிலாகவே நிற்பதைப் பாருங்கள்.

“நீளமான உயிரைத்தான் அழுத்தினேன், அதுவும் தப்பா?”

தப்புதான். அந்தக் கந்தோர் நம்மை ஏமாற்றும் இடம் இது. தமிழ்க் காதுக்குக் கனம் என்றால் நெடில். எனவே நெடில் எங்கே இருக்கிறதோ அங்கே அழுத்தம் தானாக ஓடுகிறது. டச்சில் நெடிலும் அழுத்தமும் தனித்தனிச் சமாச்சாரம். கடையில் ஆப்பிள் கேக்கும் அதன்மேல் கிரீமும் கேட்டுப் பாருங்கள்: 'அ-பல்-டார்ட், 'ஸ்லஹ்-ரோம். இரண்டிலும் அழுத்தம் குறில் மேல், நெடில் பின்னால் மங்கலாக. நான் பல மாதம் “அபல்டாஆர்ட்”, “ஸ்லஹ்ரோஓம்” என்றே கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். கேக் கிடைத்துவிடும். கூடவே பணியாளர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார், அந்த வேதனை தனி.

பாடம் நடத்துபவர்கள் வாயில் அடிக்கடி வரும் இரண்டு சொற்களே இதற்கு நல்ல பயிற்சி. அழுத்தத்துக்கு டச்சில் 'க்லெம்-டோன், அதாவது இறுக்கிப் பிடிக்கும் தொனி. அசைக்கு 'லெ-டர்-ஹ்ரேப், எழுத்துப் பிடி. இரண்டிலும் முதல் அசை குறில், கடைசி அசை நெடில், அழுத்தம் முதலில். ஒரு நாளைக்கு இருபது தடவை சொன்னால் ஒரு வாரத்தில் நெடிலைத் துரத்தும் பழக்கம் விட்டுப்போகும்.

“நான் சொல்வது தெலுங்கு மாதிரி கேட்கிறதாம்”

என் அண்டை வீட்டுத் தெலுங்கு நண்பரே சொன்னது இது. இரட்டை மெய்யெழுத்தைப் பார்த்ததும் நாம் அழுத்தி இரட்டிக்கிறோம்: அப்பல், பன்னகூக், பொம்மன். டச்சில் எழுத்துதான் இரண்டு, ஒலி ஒன்றே. வரி முடிவில் உடைக்கும்போது முதல் பி ஒரு வரியிலும் இரண்டாவது அடுத்த வரியிலும் போகும். வாயில் அந்தப் பிளவு கிடையாது.

பிறகு எதற்கு இரண்டு எழுத்து? முன்னால் உள்ள உயிர் குறில் என்று காட்டத்தான். குண்டுகள் என்பது பொமன், மரங்கள் என்பது போமன். எழுத்தில் முதலாவதற்கு இரண்டு எம், இரண்டாவதற்கு ஒன்று. குறில் நெடில் வேற்றுமை நம் ரத்தத்தில் இருக்கிறது. அதனால் மெய்யை விட்டுவிட்டு உயிரைக் கவனித்தால் போதும், இந்த ஒரு கோளாறு ஒரே நாளில் போய்விடும். இரண்டு துண்டு சேரும் இடத்தில்கூட அதே கதைதான். கை+துணி சேர்ந்து உண்டாகும் துவாலை, எழுத்தில் இரண்டு டி இருந்தாலும், 'ஹன்-டூக்.

பன்னகூக், அதாவது பான்கேக்குக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 1995 எழுத்துச் சீர்திருத்தத்தில் அதன் நடுவே ஓர் என் (n) எழுத்து நுழைந்தது. வழக்கமான பேச்சில் அது ஒலிப்பதில்லை: 'ப-ன-கூக். காகிதத்தில் இருக்கிறதே என்று அதைச் சொல்லிக் கஷ்டப்பட வேண்டாம்.

“பல் மருத்துவர் என்றேன், டார்ட்ஸ் விளையாட்டா என்று கேட்டார்கள்”

இது நம் புணர்ச்சியின் வேலை. மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின் உயிர் வந்தால் நாம் உடனே ஒட்டிவிடுவோம்: நாள்+இதழ் என்றால் நாளிதழ். டச்சில் டன்ட் (பல்) + அர்ட்ஸ் (மருத்துவர்) வரும்போது அப்படி ஒட்டக்கூடாது. 'டன்ட்-அர்ட்ஸ். எழுத்தில் உடைத்தாலும் டி இடப்பக்கமே நிற்கும்.

இதில் இன்னொரு குழி இருக்கிறது. தமிழில் மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினம் தானாக மென்மையாகும். “வண்டி”யில் வரும் ட, “பட்டம்” சொல்லில் வரும் ட போன்றதல்ல. டச்சிலோ துண்டின் கடைசியில் நிற்கும் டி வன்மையாகும். பட்டத்து ட போல. பின்னால் உயிர் வந்தாலும் அது இளகாது. பன்மையில் “டன்டன்” என்னும்போது வண்டி ட, மருத்துவரைச் சொல்லும்போது பட்டத்து ட. துண்டு எங்கே முடிகிறது என்று டச்சுக்காரருக்குக் காட்டிக்கொடுப்பது இந்த வன்மைதான். நாம் இளக்கினால் எல்லைக்கல்லைப் பிடுங்கி எறிந்த மாதிரி.

“எங்கே வெட்டினாலும் ஏதோ ஒரு பொருள் வருகிறது”

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இது. பல சமயம் குற்றம் உங்களுடையதே அல்ல. டைக்ரம்ப் என்ற எழுத்துக்கோவையை டைக்-ரம்ப் என்று வெட்டினால் கடலணை உடைந்த பேரழிவு. டை-க்ரம்ப் என்றால் தொடைப் பிடிப்பு. வல்-கௌல் என்றால் பொறிக்குழி, வல்க்-ஔல் என்றால் வல்லூறும் ஆந்தையும் கலந்த ஏதோ ஒரு பறவை. க்வர்ட்-ஸ்லாஹன் என்றால் கால்வட்டத் திருப்பங்கள், க்வர்ட்ஸ்-லாஹன் என்றால் படிகக்கல் அடுக்குகள். டச்சுக்காரர்களே இவற்றைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

வெட்டும் முறை இது. வலக்கோடியிலிருந்து தொடங்கி, தனியாக அகராதியில் நிற்கக்கூடிய மிக நீளமான துண்டைப் பிடியுங்கள். மிச்சம் இருப்பதும் அகராதியில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் சரி. ஓர் எஸ் மட்டும் மிச்சமாக ஒட்டிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் இணைப்பு எஸ். அதை இடப்பக்கத் துண்டோடு விடுங்கள். 1953 பிப்ரவரி 1 விடியற்காலையில் தென்மேற்கு நெதர்லாந்தில் 1836 பேரைக் கொன்ற வெள்ளத்துக்கு டச்சில் வாடர்ஸ்நோட்ரம்ப் என்று பெயர். ரம்ப் (பேரழிவு) கிடைத்துவிட்டது. அதற்கு முன்னால் “ஸ்நோட்” என்று எடுத்தால் தீய என்று பொருள், இங்கே பொருந்தாது. நோட் (இடர்) பொருந்துகிறது. அப்போது எஸ் தண்ணீருடையது: 'வா-டர்ஸ்-நோட்-ரம்ப். இந்தச் சொல்லை “வாடர்-ஸ்நோட்” என்று படித்த மாணவரை நான் திட்டவில்லை. நானும் அப்படித்தான் படித்தேன்.

சில நேரம் அழுத்தமே வழிகாட்டும். மஸாஹபெட் என்று தோன்றும் ஒரு சொல்லை 'ம-ஸா-ஹ-பெட் என்று சொன்னால் பெருங்கூட்டப் பிரார்த்தனை. ம-'ஸா-ஷ-பெட் என்றால் மசாஜ் படுக்கை. எழுத்து ஒன்றே. எந்தத் துண்டு முதலில் நிற்கிறது என்பது மாறியதும் அழுத்தமும் மாறுகிறது, நடு எழுத்தின் ஒலியும் மாறுகிறது.

“முதல் துண்டை அழுத்தினேன், ஊர்க்காரர்கள் திருத்துகிறார்கள்”

இந்தக் கோளாறு ஆம்ஸ்டர்டாமில் வழி கேட்கும்போது வரும். ஸ்ட்ராட் என்று முடியும் தெருக்கள் ஒழுங்காக முதல் துண்டை அழுத்தும்: 'கல்-வர்-ஸ்ட்ராட், 'லைட்-ஸ-ஸ்ட்ராட். கால்வாய் ஓரத் தெருக்கள் அப்படியில்லை: ப்ரின்-ஸ-'ஹ்ரஹ்ட், கை-ஸர்ஸ்-'ஹ்ரஹ்ட், ஹே-ர-'ஹ்ரஹ்ட். லைட்ஸ தெருவில் நடந்து அதன் முனையிலுள்ள சதுக்கத்துக்குப் போனால் அது லைட்-ஸ-'ப்ளைன். தெருவிலிருந்து சதுக்கத்துக்குள் கால் வைத்ததும் அழுத்தம் கடைசிக்குத் தாவிவிடுகிறது! ஊரின் பெயரே அம்-ஸ்டர்-'டம், அதுபோல் ரொ-டர்-'டம். ஐன்ட்ஹோவன் மட்டும் 'ஐன்ட் என்று முன்னால் அழுத்தும்.

ஊர்ப்பெயர் அல்லாத சொற்களிலும் இப்படிச் சில உண்டு. நகர மண்டபம் ஸ்டட்-'ஹௌஸ், மேயர் பர்-ஹ-'மேஸ்-டர், குளிர்காலத்தில் உருளைக்கிழங்கோடு மசிக்கும் அந்தச் சுருட்டைக் கீரை பூ-ர-'கோல். இவற்றுக்குக் காரணம் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், மனப்பாடம் செய்யுங்கள்.

“விபத்தைத் தடுக்க வேண்டும் என்றேன், விபத்து நடக்க வேண்டுமா என்றார்கள்”

வினைச்சொல்லில் அழுத்தம் தவறினால் பொருள் தலைகீழாகும். 'வோர்-கோ-மன் என்றால் நிகழ்வது. வோர்-'கோ-மன் என்றால் தடுப்பது. எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. குழப்பம் வரும் இடத்தில் டச்சுக்காரர்களே உயிரெழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு போட்டு எழுதுவார்கள். 'ஓ-வர்-ட்ரை-வன் என்றால் மேகம் கலைந்து நகர்வது, ஓ-வர்-'ட்ரை-வன் என்றால் மிகைப்படுத்துவது. 'ஒன்-டர்-ஹான் சூரியன் மறைவது. ஒன்-டர்-'ஹான் அறுவை சிகிச்சை போன்றதற்கு உட்படுவது.

சோதனை எளிது. இறந்தகால எச்சத்தை நினைத்துப் பாருங்கள். நடுவில் “ஹ” நுழைந்தால் (வோர்-ஹ-கோ-மன்) அது பிரியும் வினை, முன்துண்டை அழுத்துங்கள். “ஹ” நுழையாவிட்டால் பிரியாத வினை, பின்துண்டை அழுத்துங்கள். இந்த ஒரு விதியில் மட்டும் கவனக்குறைவு வேண்டாம். மற்ற பிழைகளுக்குச் சிரிப்பார்கள். இங்கே நீங்கள் சொன்னதை அப்படியே நம்பிவிடுவார்கள்.

“நேற்றுவரை சரியாகச் சொன்ன சொல், வால் முளைத்ததும் கெட்டுப்போனது”

பெயர்ச்சொல்லில் முன்னால் இருக்கும் அழுத்தம், அது உரிச்சொல்லாக மாறும்போது பின்னால் நகரும். தற்செயல் 'டூ-வல், தற்செயலான டூ-'வ-லஹ். விதி 'நோட்-லொட், விதிவசமான நோட்-'லொ-டஹ். அறிவியல் 'வே-டன்-ஸ்ஹப், அறிவியல்பூர்வமான வே-டன்-'ஸ்ஹ-ப-லக். உயரழுத்த மின்கம்பிகளின் கீழே எச்சரிக்கைப் பலகையில் உயிராபத்து என்று எழுதியிருக்கும், அது 'லே-வன்ஸ்-ஹ-வார். உயிராபத்தான என்று சொல்ல வேண்டுமானால் லே-வன்ஸ்-ஹ-'வார்-லக். அழுத்தம் நான்கு அசையில் மூன்றைத் தாண்டி ஓடியிருக்கிறது. “-லக்”, “-அஹ்” என்று முடியும் வாலைக் கண்டால் அதற்கு முன்னால் உள்ள துண்டைச் சந்தேகப்படுங்கள். “-ஹைட்” வால் சாது, எதையும் நகர்த்தாது.

இதற்கு ஒரு தம்பி உண்டு. பனிக்குளிர் என்ற ஐஸ்கௌட், “தண்ணீர் பனிக்குளிராக இருக்கிறது” என்று வாக்கியத்தின் கடைசியில் வந்தால் ஐஸ்-'கௌட். “பனிக்குளிர்த் தண்ணீர்” என்று பெயருக்கு முன்னால் வந்தால் 'ஐஸ்-கௌட். மாற்றிச் சொன்னாலும் புரியும், பயப்பட வேண்டாம்.

“மெய்யெழுத்துக் கூட்டத்தில் மூச்சு முட்டுகிறது”

அச்சத்தில் எழும் அலறலுக்கு 'அங்ஸ்ட்-ஸ்ஹ்ரேவ். நடுவில் எட்டு மெய்யெழுத்து வரிசையாக நிற்கும். நாம் உடனே இடையில் ஓர் உகரத்தைச் செருகி “அங்ஸ்ட்டு ஸ்ஹ்ரேவ்” என்போம். அசை ஒன்று கூடிவிடும், தட்டும் கணக்கு போச்சு. துண்டின் எல்லையில் (அங்ஸ்ட் முடிந்ததும்) ஒரு கணம் நாக்கை நிறுத்துங்கள், உயிர் எதையும் விடாதீர்கள். வேடிக்கை என்னவென்றால் டச்சுக்காரர்களே வேறு இடத்தில் உயிரைச் செருகுவார்கள். பாலை மெலக் என்பவரும், டெல்ஃப்ட் நகரை டெலஃப்ட் என்பவரும் நிறைய. எல், ஆர் எழுத்துக்குப் பின் கே, எஃப், எம், பி போன்றவை வந்தால் அங்கே செருகலாம். டி, எஸ் வந்தால் கூடாது. சொல்லின் வாலில் நாம் ஒட்டும் உகரத்துக்கு எங்கேயும் அனுமதி இல்லை.

“கணினியில் அடித்தால் சிவப்புக் கோடு, வரி முடிவில் கண்டபடி உடைகிறது”

முதலில் ஆவணத்தின் மொழி டச்சு என்று இருக்கிறதா பாருங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் ஆங்கில விதிப்படி உடைக்கும். பிறகு, துண்டுகளுக்கு நடுவே இடம் விட்டிருக்கிறீர்களா பாருங்கள். டச்சில் கூட்டுச்சொல்லைச் சேர்த்தே எழுத வேண்டும். பிரித்து எழுதுவதற்கு “ஆங்கில நோய்” என்றே அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். இடம் விட்டால் பொருளும் மாறலாம். லங-'அஃப்-ஸ்டன்ட்ஸ்-லோ-பர் என்று சேர்த்து எழுதினால் நெடுந்தூர ஓட்டக்காரர். “லங” என்பதற்குப் பின் இடம் விட்டால் உயரமான ஓட்டக்காரர்.

வரி உடையும்போது சில எழுத்தும் புள்ளியும் காணாமல் போவது பிழையல்ல. கடல்கள் என்பதில் ஈ எழுத்தின் தலையில் இருக்கும் இரட்டைப் புள்ளி, அந்த இடத்திலேயே வரி உடைந்தால் மறைந்துவிடும். அசை பிரிகிறது என்று காட்டுவதுதான் அதன் வேலை, அதைக் கோடு செய்துவிட்டது. பாட்டியைச் செல்லமாக ஓமாட்ய என்று எழுதும்போது இரட்டிக்கும் ஏ எழுத்து, ஓமா- என்று உடைத்தால் ஒன்றாகிவிடும். ஔட்ய என்று ஒரு சொல்: ஔ-ட்ய என்று உடைத்தால் சின்ன வெங்காயம், ஔட்-ய என்றால் சிற்றுலா. மென்பொருளுக்கு எது என்று தெரியாது. நீங்களே கையால் உடையுங்கள்.

எல்லாம் சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு சொல். 49 எழுத்து, 15 அசை. குழந்தைகளுக்கான கார்னிவல் ஊர்வலத்துக்குரிய ஆயத்த வேலைகள் என்று பொருள். நிஜ வாழ்க்கையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை: 'கின்-டர்-கர்-னா-வல்ஸ்-ஒப்-டொஹ்ட்-வோர்-ப-ரை-டிங்ஸ்-வெர்க்-ஸாம்-ஹே-டன். பலத்த தட்டு “கின்” மேல் ஒன்றே ஒன்று. மூச்சு வாங்க வேண்டுமென்றால் டொஹ்ட் முடிந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் நின்றால் ஊர்வலம் பாதியில் நின்றுவிடும்.